வெளிச்சப் பாட்டில், இருட்டுப் பாட்டில்

பத்து மணி ஐந்து நிமிஷம். இன்னும் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷம் நான் இந்த மதகு மேடையில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு ஓர் எண்ணெய் கேனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பால் பொங்கும்வரை அடுப்புப் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பொறுமை கிடையாது, நடுவில் நாலு பாத்திரம் தேய்க்கப் போவேன், பால் வழியும், அது வேறு விஷயம். என்னைப் போய்க் காவலுக்கு வைத்திருக்கிறாள் வினோதினி. காலி நல்லெண்ணெய் கேன், மஞ்சள் நிறம், என் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது, இப்போது ஏரியில் மிதக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் கீழே என்னுடைய பழைய பால் பாக்கெட் கம்பிக்கூடை தொங்குகிறது. அதற்குள் ஆறு கண்ணாடிப் பாட்டில், ஆறிலும் இதே ஏரித் தண்ணீர். மூன்று பாட்டில் சும்மா, வெயில் படும்படி. மூன்று பாட்டிலுக்கு மட்டும் சப்பாத்தி சுற்றுகிற வெள்ளித்தாளைக் கழுத்துவரை சுற்றி இருட்டாக்கியிருக்கிறாள். கயிற்றின் மறுமுனை என் பக்கத்துக் கம்பியில். யாரும் தொடக்கூடாது, ஆடு மாடு இறங்கக்கூடாது, இரண்டு மணிக்கு முன்னால் தூக்கக்கூடாது, கேன் மேல் நிழல் விழக்கூடாது. என் குடை நிழல்கூடவா என்று கேட்டேன். "உன் நிழலும்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பல்கலைக்கழகத்தில் பதினொன்றரைக்கு அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகிறார்கள், ஆராய்ச்சிக்கு இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாமா வேண்டாமா என்று. தேதியை மாற்றச் சொல்லிப் பார்த்தாள், மாற்றவில்லை. இங்கே தேதியை மாற்றலாமென்றால் நாளையிலிருந்து ஏரியில் மீன் குத்தகைக்காரர்களின் பெரிய வலை இறங்குகிறது, சேறு கலங்கிவிடும், மே மாதக் கணக்கு போனது போனதுதான். பதினோரு மாதம் ஒழுங்காக எடுத்திருக்கிறாள். பதினோரு மாதம் ஒரு வருஷம் ஆகாது என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல ஒரு கைடு வேண்டுமா, காலண்டர் போதாதா.

வெயில் ஏறிவிட்டது. எதிர்க்கரையில் ஆகாயத்தாமரை பச்சைப் போர்வை மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது, நடுவில் பட்டுப்போன கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருக்கின்றன, வேறு வேலையில்லை அதுகளுக்கு. தண்ணீர் என்று பெயர்தான், பட்டாணி வேகவைத்த தண்ணீர் மாதிரி பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சைதான் எல்லாம் என்கிறாள். ஒரு நாள் நான் பீன்ஸ் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொன்னாள், கண்ணுக்குத் தெரியாத பாசி அது, காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து வெயிலை வைத்துச் சமைக்கிறது, சமைக்கும்போது பிராணவாயுவை வெளியே விடுகிறது. பாசியைத் தண்ணீரில் தத்தித் தத்தி நீந்துகிற பொடிப்பூச்சி ஒன்று தின்கிறது, அதைக் கெண்டைக் குஞ்சு, அதை விரால், விராலை நீர்க்காகம், இல்லையென்றால் நம்ம ஊர் மார்க்கெட். எல்லாம் ஒரே கார்பன்தான், கைமாறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு கையிலும் பாதிக்கு மேல் மூச்சாகத் திரும்பிப் போய்விடுகிறது, மிச்சம் செத்து அடியில் சேறாகிறது. அப்படியென்றால் நான் இருபத்தெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருப்பதைத்தான் பாசி செய்கிறது, அதற்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை என்றேன். சிரிக்காமல் "கரெக்ட்தாம்மா" என்றாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளிச்சப் பாட்டிலில் பாசி சமைக்கவும் செய்யும், மூச்சுவிடவும் செய்யும். இருட்டுப் பாட்டிலில் வெறும் மூச்சு மட்டும், உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தின்று தீர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் மருந்து ஊற்றினால், பிராணவாயு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாகப் பழுப்பு மேகம் கிளம்பும். இரண்டையும் அளந்து கழித்தால் ஏரி எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதமும் கூட்டிப் பார்த்தால்தான் இந்த ஏரி கார்பனைச் சேர்த்துவைக்கிறதா, வெளியே கக்குகிறதா என்று சொல்ல முடியும். இதுவரை எப்படி என்று நேற்று ராத்திரி கேட்டதற்கு, கிட்டத்தட்ட சமமாக நிற்கிறதும்மா, மே மாசம்தான் எந்தப் பக்கம்னு சொல்லணும் என்றாள். அந்த மே மாசம் இப்போது என் கையில், சரி, என் கயிற்றில். இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தேனா என்றால் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், பொண்ணு என்ன ஆராய்ச்சி என்று கேட்டதற்கு, பாசி எண்ணுகிறாள் என்று சொன்னவள் நான்தான். பையனுடைய அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வினோதினி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் ஏரியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுத்தான் கேட்டாள், அதுவும் அவள் கூட வருகிற பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டதால் வேறு வழியில்லாமல்: "மா, நாளைக்கு ஒரு நாலு மணி நேரம் வருவியா."

வந்தேன். வந்ததோடு நிற்கவில்லை, அதுதான் என் சுபாவம். பதினொன்றரைக்கு அவளுடைய நோட்டை எடுத்துப் பிரித்தேன், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாளே அதை இன்னொரு தடவை படிக்கலாம் என்று. கோடு போட்ட பக்கம். பாட்டில் எண், மூடி எண், வெளிச்சமா இருட்டா, குமிழி உண்டா, நேரம், கையெழுத்து. போன மாதப் பக்கத்தைப் பார்த்தேன். பதினொன்று, பதினொன்று. பன்னிரண்டு, பன்னிரண்டு. அதற்கு முந்தைய மாதம், அதற்கும் முந்தையது, பதினோரு பக்கமும் பதினொன்றுக்குப் பதினொன்று, பதினாறுக்குப் பதினாறு. இன்றைய பக்கத்தில் பாட்டில் எண்கள் மட்டும் இருந்தன. மூடி எண் கட்டம் காலி. கிளம்புகிற அவசரத்தில் சொன்னாளே, மூடி நம்பரை எடுக்கும்போது நீயே பார்த்து எழுதிக்கோம்மா என்று. மூடிக்கு நம்பர். நேற்று சாயந்தரம் பாட்டில்களைச் சுடுதண்ணீரில் அலசிக் கவிழ்த்தது நான், மூடிகளைத் தனியாக எடுத்துத் துணியில் பரப்பிக் காயவைத்தது நான், காய்ந்ததும் எது கைக்கு வந்ததோ அதை எதன் மேல் வேண்டுமானாலும் சொருகி டிரேயில் அடுக்கியதும் நான். எல்லாம் ஒரே மாதிரி கூம்புக் கண்ணாடி மூடி, ஒரே அளவு, யாருக்குத் தெரியும். காலையில் அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ சார் சார் என்று பேசியபடி பாட்டில்களை நிரப்ப, டாக்டருக்கு நர்ஸ் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு மூடியாக எடுத்துக் கையில் கொடுத்ததும் நானேதான். பெருமையாக வேறு இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருக்கிறது: ஒவ்வொரு மூடியும் அதனதன் பாட்டிலோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியது, மாறினால் காற்று புகும், குமிழி இருந்தால் அந்தப் பாட்டில் கணக்கில் இல்லை. மூன்றில் ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் அந்த மாதமே இல்லை.

என் வீட்டில் ரவை டப்பாவின் மூடியை மைதா டப்பாவுக்குப் போட்டதற்காக வேலைக்கு வருகிற மல்லிகாவை நான் பேசிய பேச்சு இருக்கிறதே. கண் இருக்கா, புண் இருக்கா, இந்த மூடி அதுக்கு இறுகுமா, வண்டு வந்தா நீயா பொறுக்குவே. எவர்சில்வர் டப்பா ஒவ்வொன்றிலும் மூடியிலும் அடியிலும் பெயர் வெட்டிவைத்திருக்கிறேன், கடையில் நின்று வெட்டச்சொல்லி வாங்கினது. அப்படிப்பட்டவள் கண்ணாடி மூடியில் வெட்டிய நம்பரைப் பார்க்கவில்லை. கண்ணாடி போடவில்லை, அதுதான் காரணம், இல்லை, அது காரணமில்லை, பாட்டில்தானே என்று நினைத்தேன், பாசிதானே. ஆறும் மாறியிருக்குமா. ஆறுக்கு ஆறும் மாற வாய்ப்பில்லை, ஒன்றிரண்டாவது சரியாக உட்கார்ந்திருக்கும். ஏன் உட்காரணும், என் ராசிக்கு ஏழாவதும் மாறியிருக்கும். தூக்கிப் பார்த்துவிடலாமா. தூக்கினால் தண்ணீர் கலங்கும், சூடு மாறும், பாட்டில் இருந்த இருப்பு போய்விடும், அப்புறம் மூடி சரியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, அதையும் நானே கெடுத்ததாக ஆகும். போன் போட்டேன். அணைத்துவைத்திருக்கிறாள், வைக்கத்தானே வேண்டும், உள்ளே எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களோ. எடுத்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன், அந்தக் கேள்விகளுக்கு நடுவில். எனக்குத் தெரியும் அவள் என்ன சொல்லுவாள் என்று. பரவாயில்லம்மா என்பாள். அந்தப் பரவாயில்லம்மாவைத்தான் என்னால் தாங்க முடியாது. கல்லூரியில் சேரும்போது எனக்குப் பிடித்த படிப்பை அவள்மேல் திணிக்கப் பார்த்தேனே அப்போது ஒரு பரவாயில்லம்மா. பெண் பார்க்க வந்தவர்கள் போனதும் நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன்டீ என்றபோது ஒன்று. கோபமே இருக்காது குரலில், பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட யாரோ ஒருத்தரிடம் சொல்வது போலச் சொல்லுவாள். அப்புறம் கதவு சாத்தின மாதிரி. இன்றைக்கும் அதைச் சொன்னால் இனிமேல் எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டாள். கத்துகிற பெண்ணாகப் பெற்றிருக்கலாம் நான். கத்துவதெல்லாம் எனக்கே வந்துவிட்டது, அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

பதினொன்றே முக்கால் இருக்கும், அந்த ஆள் வந்தார். தெர்மோகோல் அட்டைகளைக் கட்டின தெப்பம், அதன்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பலகைத் துண்டு துடுப்பு. அறுபது வயசிருக்கும். நேராக என் கேனுக்கு வந்து கையை நீட்டினார். நான் எழுந்த வேகத்தில் குடை தண்ணீரில் விழப் பார்த்தது. "தொடாதீங்க" என்றேன். "யாரு கேனும்மா இது. வலை கட்டிருக்கியா? குத்தகைக்காரருக்குத் தெரியுமா?" "வலை இல்லைங்க. தண்ணி பாட்டில் தொங்குது." "தண்ணிக்குள்ள தண்ணி பாட்டிலா" என்று அவர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு, ஜில்லுனு ஆவுறதுக்கா?" "இந்த ஏரி எவ்வளவு மூச்சு விடுதுன்னு அளக்கறாங்க. என் பொண்ணு அளக்குது." "யாரு, கண்ணாடி போட்டுக்கினு மாசாமாசம் வருமே அதுவா? அது உங்க பொண்ணா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது இம்மாம் பேசாதே" என்றார். எனக்குச் சுருக்கென்றது, அதேசமயம் இந்த மனிதருக்கு அவளை ஒரு வருஷமாகத் தெரியும், எனக்கு இன்றைக்குத்தான் இடமே தெரியும் என்பதும் உறைத்தது. "மூச்சுக்குப் பாட்டில் எதுக்கும்மா, நான் சொல்றேன். மேகம் மூடின நாள்ல விடியக்காலைல வந்து பாரு, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடும். தண்ணிக்கு மூச்சு இல்லைன்னு அர்த்தம். வெயில் ஏறிச்சுன்னா கீழ போயிடும்." ராத்திரி முழுக்க ஏரியே ஓர் இருட்டுப் பாட்டில், இந்த மனிதருக்கு அது பாடமாகத் தெரிந்திருக்கிறது, வெள்ளித்தாள் இல்லாமல். "எவ்வளவு மூச்சுன்னு சொல்ல முடியுமா உங்களால?" என்று விடாமல் கேட்டேன், எனக்கும் நாக்கு அடங்காதே. "அது முடியாது" என்று ஒத்துக்கொண்டார். "அதுக்குத்தான் பாட்டில்." "சரி இரு, நான் அப்படிக்கா போறேன். நாளைக்குன்னா இங்க வெறும் சேறுதான் இருக்கும்." பெயர் ஏகாம்பரம் என்றார். துடுப்பைக் கேனுக்குப் படாமல் தூக்கிப்பிடித்து, கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஒதுங்கிப் போனார். அவருக்கிருந்த அந்தக் கவனம் நேற்று என் அடுப்படியில் எனக்கு இல்லை.

பன்னிரண்டரை. ஒன்று. தயிர்சாதம் கொண்டுவந்தேன், பிரிக்கத் தோன்றவில்லை. மதகுப் படியோரம் தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழிகள் வருகின்றன, இரண்டு, நின்று மூன்று, அப்புறம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு கொத்து. அது சேறு விடுகிற வாயு. காற்றே போகாத அடிச்சேற்றில் செத்த பாசியையும் இலையையும் ஏதோ நுண்ணுயிர் புளிக்கவைக்கிறது. மாவு பொங்குகிற மாதிரியா என்று காலையில் வினோதினியிடம் கேட்டதற்கு, அதேதாம்மா, ஆனா வர்ற வாயு வேற, இது கொளுத்தினா எரியும் என்றாள். இட்லி மாவு ராத்திரி மூடிக்குள் என்ன செய்கிறது என்று இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை, பொங்கவில்லையென்றால் திட்டுவேன், பொங்கி வழிந்தாலும் திட்டுவேன். இங்கே யாரும் திட்டாமலே எல்லாம் நடக்கிறது. கொக்கு ஒன்று படிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அரை மணி நேரம் அசையவில்லை. நானும் அசையவில்லை, நிழல் விழுந்துவிடுமே என்று. அது சடக்கென்று கொத்தி ஒரு வெள்ளிக் கீற்றை விழுங்கியது, தொண்டையில் இறங்குவது தெரிந்தது, போன வாரத்து வெயில் அது, பாசி பிடித்த வெயில், இப்போது கொக்கின் கழுத்தில். நான் விடுகிற மூச்சும் இந்தத் தண்ணீரின் மேல்தானே படுகிறது. அதில் கொஞ்சமாவது கரையும். கரைந்தால் ஏதோ ஒரு பாசிக்குப் போகும். இத்தனை வருஷமாக நான் விட்ட பெருமூச்செல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ. எதற்கோ சாப்பாடாகியிருக்கும், வீணாகப் போயிருக்காது. இப்படியெல்லாம் நினைக்கிற ஆளா நான், வெயில் தலைக்கேறிவிட்டது. ஆனாலும் பயம் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. ஆறு மூடியில் எத்தனை மாறினதோ அத்தனைதான் மாறியிருக்கும், நான் நினைத்து நினைத்து அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இரண்டு மணி ஆனது, அவள் வரவில்லை. வராவிட்டால் நீயே எடுத்துடு, காத்திருக்காதே என்று சொல்லியிருந்தாள், வீட்டில் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை செய்தும் காட்டியிருந்தாள். கயிற்றை இழுத்தேன், மெதுவாக, குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்குகிற மாதிரி. கூடையை என் குடை நிழலில் வைத்தேன், இப்போது நிழல் விழலாம். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டேன். பதினொன்றாவது பாட்டில், மூடி பதினொன்று. அப்பாடா. பன்னிரண்டாவது பாட்டில், மூடி பதினைந்து. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. வெள்ளித்தாளைப் பிரித்தேன். பதினான்குக்குப் பதினான்கு. பதினைந்துக்குப் பன்னிரண்டு. பதினாறுக்குப் பதினாறு. இரண்டே இரண்டு மூடி, ஒன்றுக்கொன்று மாறி உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டாவதைச் சாய்த்துப் பார்த்தேன், வெளிச்சப் பாட்டில், குமிழி இல்லை. பதினைந்தைச் சாய்த்தேன், இருட்டுப் பாட்டில், தோளோரமாக மிளகு அளவில் ஒரு குமிழி உருண்டு போனது. இருட்டில் பாசிக்குப் பிராணவாயுவை விழுங்க மட்டும்தான் தெரியும், காற்று வர வேறு வழி இல்லை, வெளியிலிருந்துதான் புகுந்திருக்கிறது. மருந்து ஊற்ற எப்படியும் மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் குமிழி ஓடிப்போகும், மூடும்போது அதனதன் மூடியைப் போட்டுவிடலாம், கட்டத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு, பதினைந்து பதினைந்து என்று எழுதிவிடலாம். கொக்குக்குக்கூடத் தெரியாது. எனக்கு அந்தக் கை இருக்கிறது. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் பியூரெட்டின் குழாயைத் திறக்காமலே இருபது புள்ளி இரண்டு, இருபது புள்ளி இரண்டு, இருபது புள்ளி இரண்டு என்று மூன்று தடவை எழுதினவள் நான், வர வேண்டியது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியுமே. சிஸ்டர் பெனடிக்டா வந்து குனிந்து பார்த்தார், விளிம்புவரை நிரம்பி நிற்கிற பியூரெட்டையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார், கையெழுத்து அழகாயிருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு முழு மார்க் போட்டார். ஒரு மார்க்காவது குறைத்திருந்தால் மறந்திருப்பேன். இங்கே அப்படி எழுதினால் என்ன ஆகும்? இருட்டுப் பாட்டிலில் இல்லாத பிராணவாயு இருப்பதாக ஆகும், ஏரி விடுகிற மூச்சு குறைந்துவிடும், சமமாக நிற்கிற தட்டு என் அழகான கையெழுத்துப் பக்கமாகச் சாயும், அதை என் பெண் நாலு பேர் முன்னால் நின்று உண்மை என்று சொல்லுவாள். பேனாவை எடுத்தேன். பன்னிரண்டுக்கு நேரே பதினைந்து. பதினைந்துக்கு நேரே பன்னிரண்டு. குமிழி: உண்டு. மூடி மாற்றியது: நான், கழுவும்போது. கையெழுத்து சுமாராகத்தான் வந்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலைத் திறந்து, சொட்டுக்குழாயின் முனையைத் தண்ணீருக்குள் விட்டு முதல் மருந்து, அப்புறம் இரண்டாவது மருந்து, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "மா, கொடுத்துட்டாங்க, ஆறு மாசம் கொடுத்துட்டாங்க, ஆனா பன்னிரண்டு மாசமும் இருக்கணுமாம். நான் கிளம்பிட்டேன். எடுத்துட்டியா? எல்லாம் சரியா இருக்கா?" சரியாயில்லை என்றேன். இருந்ததை இருந்தபடி சொன்னேன், எண்ணோடு, குமிழியோடு, நேற்று சாயந்தரத்துத் துணியோடு. அந்தப் பரவாயில்லைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். "மூடியை மாத்துவாங்களாம்மா யாராவது?" என்று கத்தினாள். "நம்பர் வெட்டியிருக்குல்ல, கண்ணு எங்க இருந்துச்சு? தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே, எல்லாம் தெரிஞ்ச மாதிரி அடுக்கி வச்சிருக்க. பதினோரு மாசம்மா. பதினோரு மாசம்." கத்து, நன்றாகக் கத்து என்று நினைத்துக்கொண்டேன். வேர்வையோடு கண்ணிலிருந்து வேறு ஏதோ இறங்கியது. எத்தனை வருஷமாயிற்று இவள் என்னிடம் குரல் உயர்த்தி. "பன்னிரண்டுல குமிழி இல்லைன்னு நிச்சயமா? சாய்ச்சுப் பாத்தியா?" "ரெண்டு தடவை பாத்தேன்டீ." "பதினாலு, பதினாறு?" "இல்ல." "அப்ப பதினஞ்சை மட்டும் அடிச்சிடு. இருட்டுல ரெண்டு நிக்குது, வெளிச்சத்துல மூணு. போதும். போதும்மா. மத்ததுக்கெல்லாம் சீக்கிரம் மருந்து போடு, போட்டு நிறத்தைச் சொல்லு." ஒவ்வொன்றாகப் போட்டேன். வெளிச்சப் பாட்டில்களில் பழுப்பு மேகம் கிளம்பிச் சுருண்டது. காலையில் ஏரியிலிருந்து எடுத்த உடனே அவள் மருந்து போட்டு, ஒப்பிட்டுப் பார்க்க என்று என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன தனிப் பாட்டிலைவிட அடர்த்தி என்றுதான் தோன்றியது. இருட்டுப் பாட்டில்களில் வெளிறின மேகம். "டிகாஷன் கலர் ஒண்ணு, பால் அதிகமான டீ கலர் ஒண்ணு" என்றேன். "அப்படியெல்லாம் சொன்னா எப்படிம்மா, எவ்வளவு வித்தியாசம்? இன்னைக்கு ஏரி வாங்கியிருக்கா, இல்லையா?" அவசரத்தைப் பார், அப்படியே என் பெண். ஒரு வெளிச்சப் பாட்டிலையும் ஓர் இருட்டுப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மேகம் இன்னும் கலைந்தும் கலையாமலும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "இருடீ" என்றேன், "முழுசா படியட்டும், பாத்துச் சொல்றேன்."